குடியை நிறுத்த வேலூரில் வைத்தியம்: எங்கே போவது, எதை எடுத்துப் போவது, எங்கே ஏமாறுவோம்

இதைத் தேடிப் படிக்கிறவர் பெரும்பாலும் குடிக்கிறவராக இருக்க மாட்டார். அவருடைய மனைவியோ, அக்காவோ, காலேஜ் படிக்கும் மகளோதான் எல்லாரும் தூங்கிய பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருப்பார். நானும் அப்படித் தேடியவள்தான், என் தம்பிக்காக. எனக்குக் கிடைத்ததெல்லாம் "ஏழே நாளில் குடியை மறக்க" என்ற விளம்பரங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து, மற்ற அட்டெண்டர்களிடம் கேட்டு, டாக்டர்களையும் நர்ஸ்களையும் நச்சரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தின் அளவையும் இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தியம் பார்க்க முடியாது. ஈரல், சர்க்கரை, நுரையீரல், நரம்பு, மனசு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். ஒரே ஃபைலாகப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வைப்பதுதான் கூடப் போகிறவரின் வேலை.

1. எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 8ஓ அதற்கு மேலோ வந்தால் குடி ஆபத்தான பக்கம் போய்விட்டது என்று அர்த்தம், 20ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். கேள்வித்தாள் இல்லாமலும் சில விஷயங்கள் வீட்டிலேயே தெரியும். காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாத கைநடுக்கம், பல் விளக்கும்போது குமட்டல், ராத்திரி வேர்வை, கொஞ்சம் உள்ளே போனதும் எல்லாம் சரியாகிவிடுவது. இவை இருந்தால் உடம்பே சரக்கைக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லை, ஆனால் குடி கை மீறுகிறது என்றால் அட்மிஷன் தேவைப்படாமலே போகலாம். டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஒரு சில அமர்வுகள் பேசியே குடியைக் குறைக்க வைத்ததை கோவாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது, 2017இல் லான்செட் இதழில் வந்தது. அதனால் "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா போவது" என்று தள்ளிப்போட வேண்டாம். சின்னதாக இருக்கும்போது போவதுதான் லாபம்.

2. வீட்டில் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் விபரீதம் இதுதான். கார்த்திகை பிறந்ததும் மாலை போடுவார்கள், இல்லை கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள், அன்றைக்கே குடி நிற்கும். வீடே சந்தோஷமாக இருக்கும். இரண்டாம் நாள் ஆள் ஃபிட்ஸ் வந்து விழுவார், "சாமி குத்தம்" என்பார்கள். மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை, அந்த வைராக்கியம் நல்லதுதான். ஆனால் தினமும் குடித்து உடம்பு பழகியவர் டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடட்டும்.

கணக்கு இப்படி. கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கும். ஃபிட்ஸ் வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாத குழப்பம் வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது அதுதான், வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் நேரம் அது இல்லை. 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, "டயர்டா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்று தெருமுனை கிளினிக்கில் சொல்வார்கள். ரொம்ப நாள் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், சுத்தமாகக் குறைந்திருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது: கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும், நடை தள்ளாடும், நினைவு போகும். எந்த கிளினிக்காக இருந்தாலும் "தினமும் குடிக்கிறவர், தயமின் ஊசி போட்டீங்களா" என்று வாய் திறந்து கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் ஆஸ்பத்திரி போகும் நாள் வரை என்ன செய்வது? அப்பாயின்ட்மென்ட்டைச் சீக்கிரம் வாங்குங்கள். அதுவரை திடீரென்று பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வராதீர்கள், சாப்பிட வையுங்கள், வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், ஓபி காலையில். அதனால் வரிசையில் நிற்கும்போதே நடுக்கம் தொடங்கிவிடும், "போய்ட்டு வந்துடறேன்" என்று நழுவுவார்கள். ஓபி சீட்டு போடும் இடத்திலேயே "கை நடுங்குது, முன்னே ஃபிட்ஸ் வந்திருக்கு" என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் உள்ளே விடுவார்கள்.

3. எங்கே போவது

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது. மனநலப் பிரிவு உண்டு, ஓபி காலையில்தான். மதியத்துக்கு மேல் போனால் எமர்ஜென்சி மட்டும். இங்கே ஒரு பெரிய வசதி, அதே கட்டட வளாகத்தில் பொது மருத்துவப் பிரிவும் இருக்கும். மஞ்சள் காமாலையோ வயிறு வீக்கமோ இருப்பவரை அங்கும் இங்கும் அலைக்கழிக்க வேண்டாம்.

பாகாயம், சிஎம்சியின் மனநல மையம்: காட்பாடியிலிருந்தும் டவுனிலிருந்தும் டவுன் பஸ் உண்டு. ஊரில் பாகாயம் என்றாலே கேலியாகப் பேசுவார்கள் என்று பலர் போகத் தயங்குகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களில் கம்பெனி ஆட்களும் டீச்சர்களும் உண்டு, யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. குடும்பத்தை வைத்தே வைத்தியம் பார்ப்பது அங்கே வழக்கம். அட்மிட் ஆனால் ஒரு உறவினர் கூடவே தங்க வேண்டும், ஆகவே யார் லீவு போடுவது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடியுங்கள். சிஎம்சி என்றால் டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனநலம் பாகாயத்தில். சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன, அது சென்னை-பெங்களூர் ஹைவேயில் இரத்தினகிரி பக்கம். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று அச்சடித்திருக்கும், பஸ் ஏறுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் நேரே வேலூர் வர வேண்டும் என்றில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள். எந்தக் கிழமை என்பதை உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள், கிழமை மாறினால் ஒரு நாள் சம்பளம் வீண். 2025இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கினார்கள், உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104இல் கேட்கலாம்.

போனில் பேச: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனசு சம்பந்தமாக எந்த நேரமும் பேச டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம். குடிப்பவர் வர மறுக்கிறார் என்றாலும் நீங்கள் கூப்பிடலாம், அவருக்காக அல்ல, உங்களுக்காகவே கூட.

4. தனியார் மறுவாழ்வு மையம் என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணமும் ஆளும் ஒரே நேரத்தில் கை விட்டுப் போகும் இடம் இது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மேடம், ராத்திரி வண்டி அனுப்பறோம், நாலு பேர் வருவாங்க, தூக்கிட்டு வந்துடுவாங்க." ஒரு மையத்தில் போனில் எனக்குச் சொன்னது இது. டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்டேன். "வருவாரு" என்றார்கள். எந்தக் கிழமை? "வருவாரு மேடம்." முதல் மாதம் பார்க்க வர முடியாது, போன் பேச முடியாது, மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் என்னென்ன கேட்கலாம் என்று பாருங்கள். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழை நேரில் பாருங்கள், தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தானாகச் சேர்ந்தவர் தானாகக் கிளம்பலாம், டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்றால் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு, தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்ற காரணம் வேண்டும். ஒரு மனநல டாக்டரும், இன்னொரு டாக்டரோ மனநல நிபுணரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கினாலோ, தங்கும் அறையை உள்ளே வந்து பார்க்க விடாவிட்டாலோ, திரும்பி வந்துவிடுங்கள். நல்ல மையங்களும் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

5. ஃபைலில் என்னென்ன

பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கி முதல் நாளே போட்டு வையுங்கள்.

நோயாளியின் ஆதார், கூடப் போகிறவரின் ஆதார், இரண்டுக்கும் ஜெராக்ஸ். ரேஷன் கார்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. கம்பெனி ஆள் என்றால் இஎஸ்ஐ அட்டை. பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எவ்வளவு கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் புரியாது.

ஒரு தாளில் கையால் எழுதுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, எத்தனை முறை நிறுத்திப் பார்த்தார், அப்போது என்ன ஆனது, ஃபிட்ஸ், தலையில் அடி, தற்கொலைப் பேச்சு, புகையிலை அல்லது ஹான்ஸ், தூக்க மாத்திரை, வலி மாத்திரை. கடைசி இரண்டும் முக்கியம், ஏன் என்று மருந்துப் பகுதியில் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் பசை வாசனையில் நிற்பவர், தோல் ஷாப்பில் கெமிக்கலில் வேலை செய்பவர் என்றால் அதையும் எழுதுங்கள்.

கஞ்சா, மாத்திரை என்று வேறு பழக்கம் இருந்தால் "போலீஸ்ல மாட்டிக்குவோமோ" என்று மறைக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னது ரகசியம், சட்டமே அதைக் காக்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு, சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்குகளில் விலக்கு பெற, போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது.

6. முதல் நாள்

புது நோயாளி என்றால் முழு நாள் போகும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். திங்கட்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும் கூட்டம் நெரியும். சாப்பாடு, தண்ணீர், ஒரு துண்டு, வாந்திக்கு ஒரு கவர்.

உங்களிடம் தனியாகவும் அவரிடம் தனியாகவும் பேசுவார்கள். இடையில் புகுந்து அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நர்ஸ் என் தம்பியிடம் கடைசியாக எப்போது குடித்தான் என்று கேட்டார். "ரெண்டு நாளாச்சு சிஸ்டர்" என்றான், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு. அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, "இன்னிக்கு எத்தனை மணிக்கு தம்பி?" என்றார். "ஏழு மணிக்கு" என்று வந்துவிட்டது. அவர் அதையே எழுதிக்கொண்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நேரத்தை வைத்துத்தான் நடுக்கம் எப்போது ஏறும், மருந்து எப்போது தொடங்குவது என்று முடிவு செய்கிறார்கள். அதனால் பொய் சொன்னால் அடி அவருக்கே.

நடுக்கத்தை அடக்கும் கட்டம், டீடாக்ஸ் என்பார்கள், பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் முடியும். அதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அது முதல் படி மட்டும்தான்.

7. மற்ற கோளாறுகளையும் அங்கேயே பார்க்க வையுங்கள்

கேட்டால்தான் சில பரிசோதனைகள் நடக்கும், கேளுங்கள். ஈரல் பரிசோதனை, முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி, சி, வயிற்று ஸ்கேன், பிரஷர். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி என்றால் கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், நரம்புக்கு அது முதல் அறிகுறி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் என்றால் சளிப் பரிசோதனை கண்டிப்பாக. அதிகமாகக் குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காசநோய் மாத்திரைகளில் மூன்று ஈரலைப் பாதிக்கக்கூடியவை. குடித்துக்கொண்டே அதைச் சாப்பிட்டால் ஈரல் கெடும், "மாத்திரை ஒத்துக்கல" என்று பாதியில் விட்டால் காசநோய் மருந்துக்கு அடங்காததாக மாறும். காசநோய்ப் பிரிவுக்கும் மனநலப் பிரிவுக்கும் ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு. அவர்கள் இரண்டு கட்டடத்தில் இருப்பார்கள், ஃபைல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி மயங்குவார், பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் ஒன்று இருக்கட்டும்.

8. செலவு

அரசு ஆஸ்பத்திரியில் ஓபி, படுக்கை, மருந்து இலவசம். போக்குவரத்து, சாப்பாடு, கூட இருப்பவரின் சம்பள இழப்பு, இவைதான் உண்மையான செலவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் இ-சேவையில் வருமானச் சான்றிதழ் வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சான்றிதழ் கைக்கு வர நாளாகும், அதனால் இதை முதலில் தொடங்குங்கள். எந்த வைத்தியம் அதில் வரும் என்பதை அட்மிஷனுக்கு முன் ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். ஒப்புதல் வாங்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் கை விரிப்பார்கள்.

சொந்தமாக எடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால், பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். மனநோய்க்கும் உடல்நோய் மாதிரியே காப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான பாலிசிகளில் குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் சேராது என்று 12ஆம் எண் விலக்கு இருக்கும். ஈரல் அட்மிஷனுக்கே இதைக் காட்டி மறுத்திருக்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ, தோல் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐயில் இருப்பார். டிஸ்பென்சரி டாக்டரின் சான்றிதழோடு நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம், சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். கம்பெனிக்குக் கொடுக்கும் லீவு சான்றிதழில் நோயின் பெயர் வேண்டாம் என்றால் டாக்டரிடம் கேளுங்கள், "சிகிச்சையில் இருந்தார்" என்று மட்டும் எழுதித் தருவார்கள்.

9. மாத்திரைகள்

டீடாக்ஸில் கொடுக்கும் தூக்கம் தரும் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நீங்களே வைத்து எண்ணிக் கொடுங்கள். அதோடு குடித்தால் மூச்சே நின்றுபோகலாம்.

அப்புறம் திரும்பக் குடிக்காமல் இருக்கக் கொடுப்பவை. அகாம்ப்ரோசேட், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். நால்ட்ரெக்சோன், குடிக்கும் ஆசையைக் குறைக்கும். ஆனால் டேபென்டடால், டிரமடால் மாதிரி வலி மாத்திரைக்குப் பழகியவருக்கு இதைக் கொடுத்தால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது போலக் கடுமையான விலகல் வேதனை வந்துவிடும், அதனால்தான் வலி மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லச் சொன்னேன். ஈரல் சுருங்கியவர்களுக்குப் பாக்லோஃபென் கொடுப்பது உண்டு.

இவை எந்த அளவுக்கு வேலை செய்கின்றன? 2014இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வின்படி, அகாம்ப்ரோசேட் 12 பேருக்குக் கொடுத்தால் அதனால் கூடுதலாக ஒருவர் திரும்பக் குடிக்காமல் இருப்பார். நால்ட்ரெக்சோனுக்கு அந்தக் கணக்கு 20. கம்மியாகத் தெரியும். தினசரி சாப்பிடும் எத்தனையோ மாத்திரைகளின் கணக்கும் இதே மாதிரிதான். அதிசயம் நடக்கும் என்று எதிர்பார்க்காமல், அதே சமயம் "மாத்திரையால ஒண்ணும் ஆகாது" என்று தூக்கி எறியாமல் இருக்க இந்த எண்கள் எனக்கு உதவின.

டைசல்ஃபிராம் வேறு ரகம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து கொடுங்க" என்று தபாலில் வரும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எதையும் தெரியாமல் கலக்காதீர்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது கொலைக்குச் சமம். தெரிந்தே சாப்பிடுபவரும் இருமல் சிரப், அரிஷ்டம், வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கொடுக்கும் மெட்ரோனிடசோல், எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

10. "ஒரு ஆய்வில் சேர்கிறீர்களா" என்று கேட்டால்

பாகாயம், அடுக்கம்பாறை இரண்டும் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை, ஆகவே யாராவது ஒரு தாளோடு வந்து கேட்கலாம். வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் இருந்த குடியாத்தம் அம்மா ஒருவர், "எலி மாதிரி வெச்சி பார்ப்பாங்களாம்மே, கையெழுத்து போடாதே" என்றார். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தகவல் தாள் தமிழில் வேண்டும், ஒரு பிரதி உங்களுக்கு. வெறும் கேள்விகளா, ரத்தம் எடுப்பார்களா, புது மருந்தா? புது மருந்து என்றால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கும் பிரிவு இருக்கிறதா, அப்போதும் வழக்கமான சிகிச்சை தொடருமா? வந்து போகும் செலவைத் தருவார்களா? மருந்து ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் எண் தாளில் இருக்க வேண்டும். மருந்து ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்கும், எண்ணைக் கேட்டு நெட்டில் நீங்களே பார்க்கலாம்.

சேராவிட்டாலும் சிகிச்சை மாறக் கூடாது, சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். போதையிலோ நடுக்கத்திலோ இருப்பவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. "தெளிஞ்ச பிறகு நாளைக்கு வாங்க டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நல்ல ஆய்வாளர்கள் அதைத் தாங்களே சொல்வார்கள்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேருக்கு எது உதவும் என்பது நம் ஊர் ஆட்களைப் பார்த்தால்தானே தெரியும்? அதனால் கேள்வி-பதில் மட்டும் உள்ள ஆய்வு என்றால் தம்பியை நானே சேரச் சொல்வேன்.

11. டிஸ்சார்ஜுக்குப் பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வராமல் கிளம்பாதீர்கள். அடுத்த தேதி, மாத்திரை எந்த நாள் வரை, எந்தப் பரிசோதனை திரும்ப எடுக்க வேண்டும், மூன்றும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். மாத்திரைகளில் சில சீட்டு இல்லாமல் கிடைக்காது, சின்ன ஊர் மெடிக்கலில் ஸ்டாக்கே இருக்காது, வேலூரிலேயே அடுத்த தேதி வரைக்கும் வாங்கிவிடுங்கள்.

வலி மாத்திரை, ஊசி பழக்கம் இருந்தவருக்கு டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரம்தான் அதிக ஆபத்து. உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். இதை அவரிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

சம்பள நாள், கல்யாணம், சாவு, பொங்கல், இவற்றுக்கு முந்தின வாரமே யார் கூட இருப்பது என்று பேசி வையுங்கள். சம்பளப் பணம் யார் கணக்குக்கு வரும் என்பதையும் அவரோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள், பிடுங்கி வைத்தால் கடன் வாங்குவார். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு.

திரும்பக் குடித்துவிட்டால், நிறையப் பேர் குடிப்பார்கள், "எல்லாம் போச்சு" என்று அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் என்றால் நேரே எமர்ஜென்சி. மற்றவர் என்றால் எத்தனை நாள், எவ்வளவு என்று தாளில் எழுதி, அதே ஃபைலோடு, மறுநாள் காலை ஓபிக்குக் கூட்டிப்போங்கள். புதுச் சீட்டு போட வேண்டாம், பழைய நம்பரைச் சொன்னால் போதும். திட்டுவார்களோ என்று அவர் வெளியிலேயே நின்றால் நீங்கள் முதலில் உள்ளே போய் நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்து கூட்டிப்போங்கள்.